பாப்பா உட்கார்ந்த மடி

தம்பி,

இன்று காலை அரியலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு குழந்தை. புது மொட்டை, தலை நிறையச் சந்தனம். இன்னும் சரியாகக் காயாத சந்தனம். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். மடியில் இருந்த பையைக் கீழே வைத்தேன், திரும்ப எடுத்து மடியில் வைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "வாந்தி வருதாம்மா? எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாக்குறீங்களா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜெயங்கொண்டம் வருவதற்கு முன்பே இறங்கி, வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்தும் நிலைகொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி அலசினேன். குடத்தில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தேன். உன் மச்சான் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவருக்கு என்னைத் தெரியும். கடைசியில் பாப்பாவின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அவள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் முடிக்க வேண்டும். வந்ததும் அவளிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், அதை நினைத்துத்தான் நேற்றிலிருந்து கை கால் ஓரிடத்தில் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. ஒன்பதாவது படிக்கிறாள் இப்போது. அவர்கள் டீச்சர் எச்.ஐ.வி. பற்றி வகுப்பு எடுத்தாராம். "கை குடுத்தா வராது. ஒரே தட்டுல சாப்பிட்டா வராது. கொசு கடிச்சா வராது. ரத்தம், ஊசி, உறவு, அம்மாகிட்டேர்ந்து கொழந்தைக்கு. அவ்வளவுதான்" என்று விரல் மடக்கி ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டு, சுவரில் இருக்கிற உன் போட்டோவைப் பார்த்து, "மாமா எதுலம்மா செத்தாங்க?" என்றாள். ஏன் அப்போது கேட்டாள் என்று தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு பேத்திக்குப் பதில் சொன்னார். "மஞ்சக்காமால கண்ணு. போய் மூஞ்சிய கழுவிட்டு வா."

இந்த வீட்டில் உனக்கு மஞ்சள்காமாலைதான். இந்த ஊரில் டிபி. நாம் பிறந்த ஊரில் என்னென்னவோ. நீ கேட்டுக்கொண்டதால்தான் இத்தனை நாள் நானும் பொறுத்திருந்தேன். "பாப்பாவுக்கு இப்ப சொன்னா பயந்துக்கும். புரியுற வயசு வந்ததும் நீயே சொல்லுக்கா. வேற யாரும் சொல்லி அது தெரிஞ்சுக்கக் கூடாது" என்றாய். புரிகிற வயசு வந்துவிட்டது, தம்பி. நேற்று வந்து வாசலில் நின்றது.

எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

நீ போர்வெல் வண்டியோடு ஆந்திராவுக்குப் போனாய், அங்கிருந்து மத்தியப் பிரதேசம். நம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தான். ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துத் தண்ணீர் காட்டிவிட்டு, பொங்கலுக்கு மட்டும் வீட்டுக்கு வருவீர்கள். ஒரு பொங்கலுக்கு வந்த நீ திரும்பிப் போகவில்லை. விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சட்டை தோளில் நிற்கவில்லை. பெரம்பலூரில் பார்த்த டாக்டர் ரத்தம் எடுத்துவிட்டு, திருச்சிக்குப் போகச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு நான்தான் உன்னோடு வந்தேன்.

திருச்சி ஆஸ்பத்திரியில் அந்த மேடம் இருந்த அறை உனக்கு ஞாபகம் இருக்குமே. ஒரு மேசை, ஓடாத ஃபேன், நாம் மூன்று பேர். அவர் கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். "கிருமி உடம்புக்குள்ள இருக்கு. அதுக்கு எச்.ஐ.வி.ன்னு பேரு. உடம்புல எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணு இருக்குல்ல, அத கொஞ்சம் கொஞ்சமா தின்னுகிட்டே வரும். பல வருசத்துக்கு ஆளு நல்லாத்தான் இருப்பாரு, பாத்தா தெரியாது. எதிர்ப்பு சக்தி சுத்தமா கொறஞ்சு, டிபி அது இதுன்னு கண்ட சீக்கும் உள்ள வர ஆரம்பிக்குது பாருங்க, அந்த நெலைக்குத்தான் எய்ட்ஸ்னு பேரு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பரீட்சைக்குப் படிக்கிறவன்போல ஒவ்வொன்றாகக் கேட்டாய். "எங்க ஊர்ல கொசு ஜாஸ்தி மேடம். என்னைக் கடிச்ச கொசு வேற ஆளைக் கடிச்சா?" கொசுவின் உடம்பில் அது பிழைக்காது என்றார். "கெணத்துல குளிச்சா?" தண்ணீரில் பரவாது என்றார். "என் டம்ளர்ல குடிச்சா?" குடிக்கலாம் என்றார். பிறகு அவரே, ரத்தத்தில் இருக்கிறது, உறவில் போகும், பிள்ளைத்தாய்ச்சிக்கு இருந்தால் குழந்தைக்கும் தாய்ப்பாலிலும் போகலாம், ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடக்கூடாது, பிளேடும் ஆளுக்கு ஆள் புதுசு வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். ஆணுறையைப் பற்றிச் சொன்னபோது நீ தரையைப் பார்த்தாய், நான் ஓடாத ஃபேனைப் பார்த்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சாகிற விஷயம் பேசும்போது வராத வெட்கம் அதற்கு வந்தது நமக்கு.

எல்லாம் கேட்டு முடித்து, கடைசியாகக் கேட்டாய். "அக்கா பொண்ணு இருக்கு மேடம், மூணு வயசு. அத மடியில வச்சுக்கலாமா?"

"தாராளமா வச்சுக்குங்க. கட்டிப்புடிச்சு தூங்கலாம், ஒண்ணும் ஆகாது."

எழுந்து கதவு வரைக்கும் வந்தவன் திரும்பிப் போய், "மடியில வச்சுக்கலாம்னுதான மேடம் சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது என்னிடமும் கேட்டாய். "ஏண்டா, என்ன சாட்சிக்கா கூட்டிகிட்டு வந்த?" என்று சள்ளென்று விழுந்தேன். எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும், அது உனக்குத் தெரியும். பஸ் துறையூர் ரோட்டைத் தாண்டியதும் நீயாகவே பேசினாய்.

"எப்படி வந்துச்சுன்னு நீ கேக்கவே இல்லியே அக்கா."

"கேட்டா போயிடுமா?"

அதற்குப் பிறகு வீடு வரும்வரை நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அத்தனை பேரும் உன்னிடம் அதை மட்டும்தான் கேட்டார்கள், சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

அத்தைக்குத் தெரிந்தது உன் வாயால்தான். அவர் அண்ணன் மகளை உனக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று தலைகீழாய் நின்றார். நீ வேலை சரியில்லை என்றாய், உடம்பு தேறட்டும் என்றாய். அவர் விடவில்லை. தேதி குறிக்கிற அளவுக்கு வந்ததும், நேரே வந்து, நின்றபடியே சொல்லிவிட்டாய். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு அத்தை. அந்தப் புள்ளைய எனக்குக் கட்டிவச்சா அதுக்கும் வரும். அது நல்லா இருக்கட்டும்." அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு உனக்குச் சோறு போட்டார். அயிரை மீன் குழம்பு, உனக்குப் பிடிக்கும் என்று அன்றைக்கு வைத்தது. ஆனால் வாழை இலையில் போட்டார். நாங்கள் எல்லாரும் தட்டில் சாப்பிட்டோம். நீ இலையைப் பார்த்து, "எனக்கு மட்டும் கல்யாணப் பந்தியா அத்தை" என்றாய். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

அத்தையைத் திட்ட எனக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. உன்னால் தன் அண்ணன் மகள் தப்பித்தாள் என்று அவருக்குத் தெரியும். உன் பெயரைச் சொல்லிச் சாமிக்கு விளக்குப் போட்டவர்தான், உன் டம்ளரைத் தனியாகவும் வைத்தார். இரண்டும் ஒரே ஆளால் எப்படி முடிந்தது என்று யோசித்தால் எனக்குத் தலை வலிக்கும்.

இந்த நேரத்தில்தான் பாப்பாவுக்குக் காதுகுத்து வந்தது. உன் மச்சான் வீட்டுக் குலதெய்வம் கோயிலில், ஆண்டிமடத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காட்டுக்கு நடுவில். மொட்டை போட்டுக் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தது நீ ஒருத்தன்தான். நீ அதற்காகவே வேட்டி வாங்கி, தோடு எடுத்து, வைத்திருந்தாய். வேறு ஆசை என்று நீ எதையும் சொன்னதில்லை. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை என்று ஆனபிறகு, அந்த மடி ஒன்றுதான் உனக்கு மிச்சம் இருந்தது. அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

தெரிந்துதான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், செந்துறையிலிருந்து நம் சித்தப்பா மகன் செல்வராசுவை வரவழைத்திருந்தார். கோயிலில் போய் இறங்கினால் அவன் புது வேட்டியில் மணையில் உட்கார்ந்திருக்கிறான். என் முகத்தைப் பார்க்காமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். நீ கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் சீர்த்தட்டோடு நின்றாய். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "எந்திரிடா" என்றேன். அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி அவன் எழுந்துவிட்டான், பாவம்.

அத்தை என் கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "ஒரே பேத்திடி எனக்கு."

"டாக்டர்ங்க சொல்லியிருக்காங்க அத்தை. தொட்டா வராது. மடியில வச்சா வராது."

"டாக்டரு பேத்தியா உக்காரப்போவுது?"

தெரிந்ததை எல்லாம் சொல்லியாகிவிட்டது. மறுபடி அதையேதான் உரக்கச் சொன்னேன். அதற்குள் நீ வந்துவிட்டாய். "விடுக்கா. செல்வராசுவே உக்காரட்டும்."

"ஏன்டா? அந்த மேடத்த எத்தன தடவ கேட்ட. வராதுன்னுதான சொன்னாங்க."

"வராதுன்னு தெரியும். ஆனா நாளைக்கு பாப்பாவுக்கு ஒரு சளி புடிச்சாலும் என் மடியாலதான்னு சொல்லுவாங்க." சீர்த்தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாய். "எனக்கே அப்படித் தோணும்க்கா."

இந்த இடத்தில் நான் எழுந்து போய்விட்டு வந்தேன், தம்பி. அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மாதான் போனேன். நீ சொன்னதில் இன்றுவரை என்னால் தாண்ட முடியாதது அதுதான். கொசு, கிணறு, டம்ளர் என்று அத்தனையும் கேட்டுத் தெரிந்துகொண்டவன், பிறத்தியாரை எல்லாம் திருத்துகிறவன், உன் உடம்பைப் பார்த்து நீயே பயந்துகொண்டிருந்தாய். அது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியவே தெரியாது.

உன் மச்சான் அதுவரை பொங்கல் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மாமன் இருக்கறப்ப மாத்து மாமன் எதுக்கு? போய் உக்காருய்யா" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. மகன் சொன்னபிறகு அத்தை மறுக்கவில்லை. ஆனால் பையிலிருந்து பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலில் விரித்த ரப்பர் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "ஒண்ணுக்குப் போயிடும்" என்று முனகிக்கொண்டே உன் மடியில் விரித்தார். எதற்கு விரிக்கிறார் என்று வந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நீ ஓரத்தை இழுத்து நேராக விட்டுக்கொண்டு, "புது வேட்டி அத்தை, நல்லவேள ஞாபகமா எடுத்தாந்தீங்க" என்றாய். எனக்கு உன்னை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

இன்னொன்று யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு நல்ல முகூர்த்தம், நமக்கு முன்னால் வேறு குடும்பத்துப் பிள்ளைகள் வரிசையாக மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முடி எடுக்கிறவர் ஒரு தலை முடிந்ததும் கத்தியைத் தண்ணீரில் அலசிவிட்டு அடுத்த தலைக்குப் போனார். அதே பிளேடு. எங்கேயும் அப்போது அப்படித்தான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லார் கண்ணும் உன் மடிமேலேயே இருந்தது. உன் கண் மட்டும் கத்திமேல். சட்டைப் பையிலிருந்து புது பிளேடு பாக்கெட்டை எடுத்து நீட்டினாய்.

"அண்ணே, இத போட்டுக்குங்க."

"இருக்கறதே நல்லா வெட்டுது தம்பி."

"நல்லாத்தாண்ணே வெட்டும். ஆளுக்கு ஒண்ணு மாத்திக்குங்க. பாக்கெட்டோட வச்சுக்குங்க."

சும்மா வருகிறதை அவர் ஏன் வேண்டாம் என்பார், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். காது குத்துகிற பத்தரிடமும் சொல்லி, கம்பியைப் பொங்கல் அடுப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுக்க வைத்தாய். நீ ஏதோ பெரிய மனுஷத்தனம் பண்ணுகிறாய் என்றுதான் அத்தை நினைத்தார். எந்தப் பக்கம் பயப்பட வேண்டுமோ அந்தப் பக்கம் யாருமே பார்க்கவில்லை.

பாப்பாவைக் கொண்டுவந்து உன் மடியில் உட்கார வைத்தேன். நீ இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டாய். போலீஸைப் பார்த்தவன் மாதிரி. வீட்டுக்கு வந்ததிலிருந்து நீ யாரையும் தொட்டதில்லை, உன்னையும் என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. முதல் வழிப்பு விழுந்ததும் பாப்பா கத்த ஆரம்பித்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். உன் கை மேலேயே நின்றது. முடி எடுக்கிறவர் கத்தியை எடுத்துவிட்டார். அவருக்கு உன் விஷயம் ஒன்றும் தெரியாது.

"என்ன மாமா நீங்க, கைய மேல வச்சுகிட்டு? தலைய புடிங்க. நீங்க புடிச்சாத்தான் நான் கத்தி வப்பேன். வெட்டிடுச்சுன்னா யார் பதில் சொல்றது?"

நீ என்னைப் பார்த்தாய். அத்தையைப் பார்த்தாய். அத்தை பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உன் கை இறங்கியது. ஒரு கை நெற்றியில், ஒரு கை மோவாயில்.

"அப்புடிதான். இன்னும் அழுத்திப் புடிங்க" என்றார் அவர்.

அழுத்திப் பிடித்தாய். மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, இரண்டு காதும் குத்தி முடிகிறவரை அந்தப் பிடியை விடவில்லை. கம்பி ஏறியபோது பாப்பா உன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உன் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். அழுது ஓய்ந்த பிறகும் என்னிடம் வரவில்லை. உன் சட்டை முழுக்கச் சந்தனம். நீ அழுதாயா என்று எனக்குத் தெரியாது, நான் அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறு வருஷம் தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். டிபி நெஞ்சைப் பிடித்தது. எச்.ஐ.வி.க்கு அன்றைக்கும் மாத்திரை இருந்தது, ஆனால் நம் மாதிரி ஆட்கள் எட்டிப் பிடிக்கிற இடத்தில் இல்லை. இன்றைக்குக் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் சும்மாவே கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை, பிள்ளை வளர்க்கிறவர்களை எனக்கே தெரியும். அவர்களைப் பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. இன்னும் கொஞ்ச வருஷம் நீ இழுத்துப் பிடித்திருக்கக்கூடாதா என்று உன்மேலேயே கோபம் வருகிறது. இதில் நியாயம் இல்லை என்று தெரியும். வருகிறது, என்ன செய்ய.

பாப்பா வருகிற நேரம் ஆகிவிட்டது. நிறுத்துகிறேன்.

*

சொல்லிவிட்டேன், தம்பி.

அவள் சாப்பிட்டு முடித்ததும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அத்தை, "வேணாம்மா, பொம்பளப் புள்ள, நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார். இருந்தும் சொன்னேன். மஞ்சள்காமாலை இல்லை என்று சொன்னேன். காதுகுத்து வரைக்கும் எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்தபிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா பயந்தாங்களாம்மா?"

"ரொம்ப பயந்தான்."

"அப்புறம் ஏன் புடிச்சாங்க?"

"நீ தலைய ஆட்டுன. வெட்டிடும்ல."

அவள் எழுந்து போய் நாளைக்கான புத்தகத்தைப் பையில் எடுத்து வைத்தாள். பிறகு, நாளைக்கு டீச்சர் மிச்சப் பாடம் எடுக்கும்போது எங்கள் மாமாவுக்கு இது இருந்தது என்று வகுப்பில் சொல்லப்போகிறேன் என்றாள். "அவங்க மடியிலதான் நான் காது குத்திகிட்டேன்னு சொல்லுவேன். அப்பத்தான் புள்ளைங்க நம்பும்." அத்தை என்னைப் பார்த்தார், அடுத்து உன் மச்சானை. உன் மச்சான், "அவ மாமன், அவ சொல்றா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்கூலில் என்ன சொல்வார்களோ, யார் பக்கத்து பெஞ்சை விட்டு எழுந்து போவார்களோ. அவள் கையைப் பிடித்து, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீ பயந்துகொண்டேதான் கையை இறக்கினாய். இத்தனை வருஷமாய் உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். நாளைக்கு அவளுக்குத் தலை பின்னிவிட்டு, ஸ்கூலுக்கு அனுப்பப்போகிறேன்.

உன் அக்கா